அத்தாவின் சாம்பல் கிண்ணம்



குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவது, சன்னலோரப் பலகையில் வரிசையாக இருக்கும் பதினொரு சாம்பல் கிண்ணங்கள்தாம். ஆஷ்ட்ரே என்றால்தான் பலருக்கும் விளங்கும். நிஸ்வான் மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒருத்தியின் வீட்டில் இவற்றுக்கு என்ன வேலை என்று சிலர் வாய்விட்டே கேட்பதுண்டு. பலர் பார்வையால் கேட்பர். இவ்வீட்டில் புகைப்பவர் எவருமில்லை. முன்பு ஒருவர் இருந்தார். அவர் என் அத்தா.

அத்தா தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் சமையற்காரராக இருந்தார். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் வெளிநாட்டு நிறுவனங்களின் பிடி தளர்ந்தது. எஞ்சியிருந்த துரைமார்களும் ஒவ்வொருவராக மலையிறங்கினர். அத்தாவின் துரை புறப்படும்போது கனத்த பித்தளைக் கிண்ணம் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வட்ட வடிவம், விளிம்பில் சிகரெட்டைச் சாய்த்து வைக்க நான்கு பள்ளங்கள். அத்தா அதைத் தம் கட்டிலருகே வைத்துக்கொண்டார். துரை சிகரெட்டைத் தட்டிய கிண்ணத்தில் அவர் பீடியைத் தட்டினார். நுரையீரல் கெட்டு அவர் மவ்த்தானபோதும் அது அங்கேயே இருந்தது.

அந்த ஒரு கிண்ணத்திலிருந்துதான் என் சேகரிப்பு தொடங்கியது. 2008 அக்டோபர் 2 முதல் நம் நாட்டில் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி உணவகம், விடுதி போன்ற இடங்களின் பொறுப்பாளர் அங்கே சாம்பல் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும்கூட வைத்துத் தரலாகாது. ஊட்டியிலும் குன்னூரிலும் மேசைகளை விட்டு இறங்கியவை காயலான் கடைகளுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு அங்கேதான் கிடைத்தன. (காயலான் கடை என்ற சொல்லே நம் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பர். பழையதை மதிக்கத் தெரிந்த சமுதாயம்தான் நம்முடையது.) தடித்த பச்சைக் கண்ணாடி, வெண்பீங்கான், மொராதாபாத் பாணியில் பூக்கொடி செதுக்கிய பித்தளை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

எல்லாவற்றையும் வாங்கிவிடவில்லை. கரிய உலோகத்தில் வெள்ளிக் கம்பி பதித்த பிதர் வேலைப்பாட்டுக் கிண்ணம் ஒன்றைக் கையிலெடுத்தேன். வெள்ளிப் பாத்திரம் பற்றிய சட்டங்கள் நினைவுக்கு வர, மெதுவாக வைத்துவிட்டேன். விலங்கு, பறவை உருவங்கள் உள்ளவையும் எனக்கு வேண்டாம். 1967இல் ஏர் இந்தியா நிறுவனத்துக்காக ஓவியர் சால்வதோர் தாலி பீங்கானில் சாம்பல் கிண்ணம் ஒன்றை வடிவமைத்தார். கூலியாக யானைக் குட்டி கேட்டார். பெங்களூரிலிருந்து ஸ்பெயினுக்கு ஒரு குட்டி உண்மையாகவே அனுப்பப்பட்டது. அக்கிண்ணத்தைத் தாங்குபவை அன்னமும் யானையும். நல்லவேளை, உருவம் இருப்பதால் அதற்கு ஆசைப்படும் சிரமம் எனக்கில்லை!

வாங்கியவற்றை வெறுமனே அடுக்கி வைக்கவும் மனம் ஒப்பவில்லை; பயன்படாத அழகு வீண்விரயத்தில் சேர்ந்துவிடுமோ என்ற அச்சம். வாயகன்ற கிண்ணங்களில் சிறு கூழாங்கற்களைப் பரப்பி, மதிற்சுவரில் மழைக்காலத்தில் படரும் பாசியைப் பெயர்த்து வைத்தேன். அடியில் துளை இல்லாததால் நீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றலாகாது. ஒன்றில் தஸ்பீஹ், ஒன்றில் சாவிக்கொத்து. விளிம்புப் பள்ளம் ஊதுபத்திக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. ரமளானில் இஃப்தார் விரிப்பில் பேரீச்சங்கொட்டை போட இவற்றைவிட ஏற்றவை இல்லை. உண்ணும் பொருளை மட்டும் இவற்றில் வைப்பதில்லை. பழைய பீங்கான் பூச்சிலும் படிகக் கண்ணாடியிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

இவ்வளவும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் என் கணவரின் உறவினர் ஒருவர் வந்திருந்தார். பேச்சுவாக்கில் சிகரெட்டைப் பற்றவைத்து, பாசி வளர்ந்திருந்த கிண்ணத்தில் சாம்பலைத் தட்டினார். என் மகன் எதிரில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவர்மீது குறை சொல்ல என்ன இருக்கிறது? கிண்ணத்தைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது.

அவர் போனபின் அம்மா முதன்முறையாக வாய் திறந்தார்: “உனக்கு இது அழகா இருக்கும்மா. ஒங்க அத்தா இருந்தவரைக்கும் தெனம் காலையில இதக் கழுவுனவ நான். எனக்கு இதப் பாத்தா அந்த இருமல்தான் கேக்குது.”

அத்தாவின் கிண்ணம் பலகையின் நடுவே பளபளத்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக அதை வைத்து அழகு பார்த்த எனக்கு இது ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் அப்துல் கைஸ் கூட்டத்தாரின் ஹதீஸ் வந்தது. அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் நான்கு வகைப் பாத்திரங்களைத் தடுத்தார்கள்: சுரைக்குடுவை, மண்சாடி, பேரீச்ச மரத்தின் அடியைக் குடைந்தெடுத்த கலம், தார் பூசிய கலம். மதுவுக்குப் பழகிய பாத்திரங்கள் அவை. பிற்காலத்தில் அத்தடை நீக்கப்பட்டது. எப்பாத்திரத்திலும் அருந்தலாம், போதை தருவதை மட்டும் தவிர்க்க வேண்டும் என்ற அனுமதி வந்ததை புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். இப்பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பாத்திரத்தில் குற்றமில்லை, பயன்பாட்டில்தான் என்று இரண்டாவது பாதியைச் சொல்லித்தான் என் கிண்ணங்களுக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். முதல் பாதி ஏன் முதலில் வந்தது என்று அன்றுதான் யோசித்தேன். பழக்கம் மனத்தை விட்டுப் போகும்வரை பாத்திரமும் கண்ணை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதாகவே நான் விளங்கிக்கொள்கிறேன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

புகையிலையைப் பற்றி உலமாக்களிடையே ஒரு காலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. கி.பி. 1600ஐ ஒட்டி அது முஸ்லிம் நாடுகளுக்கு வந்தபோது தடுத்தவர்களும் உண்டு. டமாஸ்கஸ் நகரத்து அப்துல் கனி நாபுலுசி போல ஆகுமாக்கி நூல் எழுதியவர்களும் உண்டு. அவர்கள் காலத்தில் நுரையீரலைப் படம்பிடிக்கும் கருவி இல்லை. அத்தாவின் படத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது பலகையில் காலிக் கிண்ணம் ஒன்றுகூட இல்லை. பாசியோ தஸ்பீஹோ சாவியோ நிரம்பாத கிண்ணம் அங்கே வைக்கப்படாது என்பது வீட்டுச் சட்டம். வெளிவாசலில் தண்ணீர் ஊற்றிய தகர டப்பா ஒன்று உண்டு. புகைக்கும் விருந்தினரை என் கணவர் அங்கே அழைத்துப் போவார்.

அத்தாவின் கிண்ணத்தை அன்றே எடுத்து, அவருடைய பழைய துண்டில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குன்னூர் ஈரத்துக்குப் பித்தளை சீக்கிரம் களிம்பேறும் என்பதால், சென்ற மழைக்காலத்தில் துலக்கலாமென்று அதை இறக்கினேன். களிம்பு இல்லை. துண்டில் புளி வாசம் வீசியது.