மீன் வரும் பின்னே, நுண்ணுயிர் வரும் முன்னே!

வடசென்னைக்கு ஒருமுறைகூடப் போகாத விவசாயிக்கும் அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பழக்கமானவைதான். உர மூட்டையைத் திருப்பிப் பார்த்தால் 'மணலி' என்றோ 'எண்ணூர்' என்றோ அச்சடித்திருக்கும். மணலியில் 1970-களின் தொடக்கத்திலிருந்து யூரியா தயாராகிறது. எண்ணூரில் காம்ப்ளக்ஸ் உரத்துக்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வந்து, கடலடிக் குழாய் வழியாகக் கரையேறியது. வயலுக்குத் தழைச்சத்து தருவதும் இந்த அம்மோனியாதான். மூடிய தொட்டியில் நீந்தும் மீனுக்கு எமனாக வருவதும் இதே அம்மோனியாதான். இந்த இரண்டு முகங்களையும் ஒரே நாள் பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போய் வந்தால் போதும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். அந்தப் பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். வஞ்சிரம், சங்கரா, கவளை, நெத்திலி, இறால் எல்லாம் கூடை கூடையாகக் கைமாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் முட்டையிட்டுப் பெருகக் கொடுக்கும் அவகாசம் அது. நிலத்தை ஒரு போகம் ஆறப்போடும் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வடக்கே போனால் திருவொற்றியூர். தியாகராஜ சுவாமி கோயிலின் தல மரம் மகிழ மரம். சுந்தரரும் சங்கிலியாரும் தொடர்புடைய கதையால் புகழ்பெற்ற மரம் அது. அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகளின் வரிசையும் புகைபோக்கிகளும் கண்ணில் படும். கடைசியில் எண்ணூர். பூண்டி பக்கமிருந்து வரும் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து கடலைத் தொடும் கழிமுகம் இங்கேதான் இருக்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று கரையோரமெல்லாம் மீனவர் ஊர்கள். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் இங்கே பிழைக்கிறார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது

சென்னைக்கும் மீன் காட்சியகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1909-லேயே மெரினா கடற்கரையில் அரசு அருங்காட்சியகத்தின் முயற்சியால் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. இன்று வடசென்னையை ஒட்டிய கொளத்தூர், வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம். சுற்றுவட்டாரத்தில் சிமென்ட் தொட்டிகளிலும் குட்டைகளிலும் வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

தொட்டி சிறியதோ பெரியதோ, மீன் விடுவதற்கு முன்பு நடக்கும் வேலை ஒன்றுதான். புதிதாகக் கட்டும் பொதுக் காட்சியகத்தில் திறப்பு விழாவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். ஆனால் உள்ளே மீன் இருக்காது. பம்புகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் தண்ணீரை ஏன் சுற்றவிடுகிறார்கள் என்று தோன்றும்.

அங்கே வளர்வது கண்ணுக்குத் தெரியாத பயிர். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிச்சமாகும் தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். அதை நைட்ரோபாக்டர் போன்ற இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றினால்தான் ஆபத்து குறையும். வயலில் போட்ட யூரியா மண்ணில் மாறுவதும் இதே வழியில்தான். வித்தியாசம் இதுதான்: மண்ணில் இந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. புதுத் தொட்டியில் ஒன்றுகூட நிலைகொண்டிருக்காது. வடிகட்டியிலும் கல்லிலும் அவை ஒட்டிப் பெருகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்காகத் தொட்டியில் சிறிதளவு அம்மோனியாவைத் தாங்களே சேர்ப்பவர்களும் உண்டு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகுதான் முதல் மீன் உள்ளே போகும். அதுவும் ஒன்றிரண்டாகத்தான்.

இந்தக் காத்திருப்பில் கைவேலையும் நிறைய இருக்கிறது. தினமும் உப்பின் அளவு பார்க்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கண்ணாடியில் படியும் பாசியைத் தேய்க்க வேண்டும். புதிதாக வந்த மீன்களைத் தனித்தொட்டியில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீவன மீனை வேளாவேளைக்கு நறுக்க வேண்டும். வெளிநாட்டுக் காட்சியகங்கள் பலவற்றில் இந்த வேலைகளில் ஒரு பகுதியைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் செய்கிறார்கள். அமெரிக்காவின் மான்டெரே நகரில் 1984-ல் திறந்த காட்சியகம் இதற்கு நல்ல உதாரணம். அது முன்பு மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையாக இருந்த இடம். வளைகுடாவில் மத்தி அற்றுப்போனதும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த இடத்தில் எழுந்த காட்சியகத்தில் இன்றும் ஊர்க்காரர்கள் நீருக்குள் இறங்கித் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறார்கள்.

கண்ணாடி இல்லாத தொட்டி

எண்ணூர் கழிமுகமும் அப்படி ஒரு தொட்டிதான். அதற்குக் கண்ணாடியும் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. அலையாத்தி மரங்களின் வேரும் சேறும்தான் அதன் வடிகட்டி. கடல் ஏற்றமும் வற்றமும்தான் அதன் பம்பு. இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கடலுக்குப் போகும் முன் வளர்வது இந்த நீரில்தான். சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலை. சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடங்களைப் பற்றி மீனவர்கள் பல வருடங்களாகப் புகார் சொல்லி வருகிறார்கள்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கரையெங்கும் தாராகப் படிந்தது. அதை அள்ள வந்தவர்கள் மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், அரசுப் பணியாளர்கள். அவர்களில் பலர் கையில் இருந்தது பிளாஸ்டிக் வாளிதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. அப்போதும் மீனவர்கள் குவளையால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

ஒரு காட்சியகத் தொட்டி கெட்டுப்போனால் தண்ணீரை மாற்றி, ஆறு வாரம் காத்திருந்து, மறுபடியும் மீன் விடலாம். கழிமுகத்தில் அதற்கு வழியில்லை. எண்ணெய் படிந்த சேற்றில் நுண்ணுயிரும் நண்டும் இறாலும் பழைய நிலைக்குத் திரும்பப் பல வருடங்கள் பிடிக்கும். அதுவரை அங்கே வலை போடுகிறவரின் அடுப்பு எப்படி எரியும் என்பதுதான் அந்தக் குப்பங்களின் கவலை.

மேட்டு நிலத்தின் பங்கு

இதில் விவசாயிக்கும் வேலை இருக்கிறது. கொசஸ்தலையாற்றுப் படுகையில் வயலிலிருந்து வடிகிற நீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் எண்ணூர்தான். மழைக்கு முன்னே மொத்த யூரியாவையும் கொட்டினால் பாதிப் பணம் வாய்க்காலில் போகும்; கீழே இருக்கும் நீர்நிலையில் பாசி பெருகும். தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் பயிருக்கும் நல்லது, கழிமுகத்துக்கும் நல்லது. மருந்து தெளித்த டேங்கை ஓடையிலோ குளத்திலோ கழுவவே கூடாது. மற்ற ஆற்றுப் படுகை விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

குட்டையில் மீன் விடுபவர்களுக்கு

பண்ணைக்குட்டையிலோ சிமென்ட் தொட்டியிலோ மீன் விட்டு, முதல் மாதத்திலேயே மொத்தமும் செத்து மிதந்தது என்பவர்கள் காட்சியகத்தின் பின்கட்டு வேலையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

• குளோரின் கலந்த குழாய் நீரை நேரடியாக விடக் கூடாது. குளோரின் மீனையும் கொல்லும், நல்ல நுண்ணுயிரையும் கொல்லும்.

• புதுத் தொட்டியில் வடிகட்டியைச் சில வாரங்கள் ஓட்டிய பிறகு, முதலில் குறைவான மீன்களை விட வேண்டும். ஏற்கெனவே நன்றாக ஓடும், நோயில்லாத தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் கொஞ்சம் எடுத்துப் போட்டால், தயிருக்கு உறை ஊற்றிய மாதிரி வேலை சீக்கிரம் நடக்கும்.

• வாங்கி வந்த மீன் பையை 15 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து பிறகு விட வேண்டும். புது மீனைக் குறைந்தது 2 வாரம் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது.

• குட்டை நீர் கரும்பச்சையாக இருந்தால் பிற்பகலில் காரத்தன்மை ஏறும். அப்போது அதே அளவு அம்மோனியா அதிக நஞ்சாகும். விடியற்காலையில் பிராணவாயு மிகவும் குறையும். மேகமூட்டமான நாட்களில் தீவனத்தைக் குறைக்க வேண்டும்.

• வேண்டாத வண்ண மீனையும், 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீனையும் ஏரியில் விடக் கூடாது. சென்னையைச் சுற்றிய ஏரிகளில் சக்கர் மீன் பெருகி, நாட்டு மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுகிறது.

சென்னைக்கு வேறு வேலையாக வருகிறவர்கள், மெட்ரோவில் விம்கோ நகர் வரையோ, கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் எண்ணூர் வரையோ போகலாம். முகத்துவாரத்தில் காலை வேளையில் நின்றால், வலை இழுத்துக் கரையேறும் மீனவர்களைப் பார்க்கலாம். அன்றைக்கு என்ன கிடைத்தது என்று அவர்களிடம் கேட்டால், ஆற்றின் நிலைமை தெரிந்துவிடும்.