தாத்தாவுக்குப் போன் வாங்கப் போறீங்களா? தி.நகர், பெசன்ட் நகர், மயிலை... ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க!

தி.நகர் உஸ்மான் ரோடு, காலை 11 மணி. போன் கடைக்குள் ஏ.சி காற்று. "200 மெகாபிக்சல் கேமரா சார், 12 ஜி.பி ரேம்!" என்று விற்பனையாளர் அடுக்க அடுக்க, பேரன் தலையாட்டுகிறான். தாத்தாவுக்கு இருப்பது ஒரே கேள்விதான்: "நான் பேசறது அந்தப் பக்கம் கேட்குமா?"

அமைதியான கடைக்குள் அதற்குப் பதில் கிடைக்காது. போனின் லட்சணம் தெரிய வேண்டுமென்றால் தெருவுக்கு வர வேண்டும்.

ரங்கநாதன் தெரு: காது

மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய இந்தத் தெருவில் கூவல், பேரம், ரயில் சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். பல போன்களில் இரண்டு மைக் இருக்கும். ஒன்று பேசுபவர் குரலைப் பிடிக்கும். இன்னொன்று சுற்றுச் சத்தத்தைப் பிடித்து, அதைக் கழிக்க உதவும். மைக் துளையை மூடும் கவர் போட்டால் அந்த வசதி வீண். கடை வாசலில் நின்றே வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பார்த்துவிடலாம்.

மேப் பார்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். 2023-ல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில் நீலப் புள்ளி ஓரளவு சரியாக நிற்கும். கீழே குறுகிய சந்துகளில் சிக்னல் கட்டடச் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பக்கத்துத் தெருவுக்குத் தாவும். எல்-1, எல்-5 என இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் போன்களில் இந்தத் தொல்லை குறைவு.

பெசன்ட் நகர்: கண்

அடையாறு தாண்டி எலியட்ஸ் பீச். 1930-ல் நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் நிற்கும் கடற்கரை. உச்சி வெயிலில் இங்கே வாட்ஸ்அப் எழுத்து தெரிந்தால் திரை பாஸ்! திரை வெளிச்சத்தை 'நிட்ஸ்' கணக்கில் சொல்வார்கள். எண் கூடினால் வெயிலில் நன்றாகத் தெரியும்.

'ஐபி68' என்று போட்டிருக்கிறதே, அலையில் நனைக்கலாமா? கூடாது. 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணீருக்கு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை.

மயிலாப்பூர்: விரல்

சாயங்காலம் மாட வீதி. பூ கட்டும் ஈரக் கையோடு போனைத் தொட்டால் திரை திணறும். விரலின் மின்தன்மையை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது; நீர்த்துளியும் அதைக் குழப்பிவிடும். கையைத் துடைத்துவிட்டுத் தொடுவதுதான் வழி.

தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து தமிழில் ஒரு வரி டைப் செய்து பாருங்கள். 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டின் பயனாக வந்த 'தமிழ்99' விசைப்பலகை போனுக்கும் உண்டு. அது பழகவில்லையா? குரலில் சொன்னாலும் எழுதும்.

கடைசியாக, முன் கேமரா

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்று தர வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். தராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். 2021 முதல் அதை முகத்தைக் காட்டியே போனில் முடிக்கலாம். அதற்கு 5 மெகாபிக்சல் முன் கேமரா போதும்.

பின்னால் இருக்கும் 200 மெகாபிக்சல் பேரனின் ஆசைக்கு. முன்னால் இருக்கும் அந்த 5, வங்கி வரிசையில் தாத்தா கால் கடுக்க நிற்காமல் இருப்பதற்கு. பில் போடும் முன் எது வேண்டும் என்று அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!