டேங்க் கேசட்டில் விட்டுப்போன பெயர்

தொண்ணூறுகளில் தேவதானத்தில் எந்த வீட்டில் டிவி கேம் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். ராஜபாளையத்தில் வாங்கி வந்த மஞ்சள் கேசட்டில் நூற்றுக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். அதில் எனக்கு உயிர் 'டேங்க் 1990'. அதைச் செய்தது யார் என்ற கேள்வி வளர்ந்த பிறகுதான் வந்தது. வந்தது போகவில்லை.

அதன் மூல ஆட்டம் 'பேட்டில் சிட்டி'. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985-ல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்காக வெளியிட்டது. அதன் முகப்பில் 1980, 1985 என்று இரண்டு ஆண்டுகள் இருக்கும். முதலாவதைப் பிடித்துக்கொண்டு போனால், அதே நாம்கோ கடைகளில் வைக்கும் எந்திரத்துக்காகச் செய்த 'டேங்க் பெட்டாலியன்' வரை போகலாம். எங்கள் கேசட்டிலோ அந்த வரியையே காணோம். யாரோ அதை அழித்துவிட்டு, தண்ணீரைக் கடக்கும் வசதி போன்ற புதுச் சரக்கைச் சேர்த்திருந்தார்கள். திருட்டுப் பிரதிதான். ஆனால் மூல நிரலைக் கையில் வைத்துக்கொள்ளாமல், சிப்பில் கிடந்த எண்களைப் படித்தே இதைச் செய்ய அபாரமான கை வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பெயர் எங்கும் இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

இந்த மாதிரித் திருட்டுப் பிரதிகளுக்கு வழிவிட்டது ஃபேமிகாமின் அமைப்பு. அமெரிக்காவில் விற்ற பெட்டியில் அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப் இருந்தது. 1983-ல் ஜப்பானில் வந்த மூலப் பெட்டியில் அது கிடையாது. நம் ஊருக்கு வந்தவை அந்தப் பெட்டியின் நகல்கள்.

பிறகு இந்த ஆட்டங்களைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவைக்கும் எமுலேட்டர்கள் வந்தன. 1997-ல் வந்த நெஸ்டிகிள் எமுலேட்டரில் ஆட்டத்தின் படங்களை மாற்றி வரையவும் முடிந்தது. அப்படி ஒட்டுப்போடப் பழகியவர்கள் பலர் பிறகு முழு ஆட்டத்தையே புதிதாக எழுதினார்கள். ஜெர்மனியின் மார்ஃப்கேட் குழு 2019-ல் வெளியிட்ட 'மைக்ரோ மேஜஸ்' வெறும் 40 கிலோபைட். சூப்பர் மரியோவும் அதே அளவுதான்.

தேடலில் என்னை நிறுத்தி வைத்தது பிளேபவர் என்ற திட்டம். 2008-ல் எம்.ஐ.டி.யில் நடந்த வடிவமைப்பு முகாமில், டெரெக் லோமாஸும் நண்பர்களும் இந்தியாவில் விற்ற 12 டாலர் டிவி கம்ப்யூட்டரைக் கையில் எடுத்தார்கள். உள்ளே இருந்தது நம் டிவி கேமின் அதே 8 பிட் சரக்கு. காப்புரிமையும் காலாவதி ஆகியிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான கல்வி ஆட்டங்களை அதற்கென்றே எழுதத் தொடங்கினார்கள். நாங்கள் வீட்டில் திட்டு வாங்கிய பெட்டியை அவர்கள் பள்ளிக்கூடமாகப் பார்த்தார்கள்.

அதன் பிறகு எனக்கும் கை சும்மா இருக்கவில்லை, தமிழ் எழுத்தை அதில் கொண்டுவரப் பார்த்தேன். இந்தப் பெட்டியில் எல்லாப் படமும் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட டைல்களால் ஆனது. ஆங்கில எழுத்து ஒரு டைலில் அடங்கிவிடும். 'ண' போட்டுப் பாருங்கள், சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கு நான்கு டைல் கொடுத்தேன். 'தேவதானம்' என்று எழுத, கொம்பையும் காலையும் தனி எழுத்தாக எண்ணினாலும் 24 டைல் போதும், 'த' இரண்டு முறை வருவதால். பின்னணிக்குக் கிடைப்பது 256. எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

இப்போது சத்தத்தில் இருக்கிறேன். ஐந்து ஒலித்தடங்கள், அதில் ஒன்று வெறும் இரைச்சல். தவிலை அதில்தான் கொண்டுவரப் பார்க்கிறேன். அதன் வலது முகமான வலந்தலை ஓரளவு வந்துவிட்டது, இடது முகமான தொப்பி இன்னும் பிடிபடவில்லை.