தாழ்வான காரும் தளராத சுருள்வில்லும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

தாழ்வு என்றால் இகழ்ச்சி என்று எண்ணுவது உலக வழக்கம். மோட்டார் கார் உலகிலோ நிலைமை தலைகீழ்! தரையைத் தொட்டுவிடுமோ என்னும்படி பதிந்து ஓடும் ஒரு காரைக் கண்டுவிட்டால் வாலிபர் கூட்டம் நின்று திரும்பிப் பார்க்கிறது. கைப்பேசித் திரையில் கேரளத்துக் கார்களைக் கண்டு எங்கள் கீழ்பென்னாத்தூருக்கும் அந்த ஆசை வந்து சேர்ந்துவிட்டது. ஆசைப்படக் காசு வேண்டியதில்லை. அதை நிறைவேற்றத்தான் காசு வேண்டும். கணக்கிட்டுச் செய்த குட்டைச் சுருள்வில்லை வாங்க வசதியில்லாதவர்கள் ஹேக்சா பிளேடைத் தேடுகிறார்கள். பணம் குறைந்தால் பாதுகாப்பும் குறைந்துதான் ஆக வேண்டுமா?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. என் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அப்பாவின் ஒன்றரை ஏக்கர் மானாவாரி மல்லாட்டை இரண்டு பிள்ளைகளின் படிப்புக்குத் தாங்காது என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே டூவீலர் பட்டறையில் போய் ஸ்பானர் பிடித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். மிதிக்க வைத்தவர் அவர். பல ஆண்டுச் சேமிப்பைக் கொட்டிச் சென்ற ஆண்டு ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். 1983 முதல் 2014 வரை தயாரான அந்தக் காரை அறியாதவர் உண்டா? வாங்கிய மறுவாரமே என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நீ பிசிக்ஸ்தானே படிக்கிற? ஸ்பிரிங்ல ஒரு சுத்து அறுத்துட்டா இன்னா ஆகும், சொல்லு."

அவர் தமக்கென்று ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் இது. "வேண்டாம் அண்ணா" என்று வெறும் வாயால் சொல்லிவிட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வேண்டாம் என்றால் ஏன் என்று காட்ட வேண்டும். வேண்டும் என்றால் எப்படி என்று காட்ட வேண்டும். நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

ஒரு சுருள்வில்லின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இது நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டதுதான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 6 சுற்றுகள், 300 மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் விசை, அதன்மேல் உட்காரும் பாரம் 2,000 நியூட்டன். அப்படியானால் வில் 100 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். ஒரு சுற்றை அறுத்தால் நீளம் 50 மில்லிமீட்டர் குறையும். ஆனால் விறைப்பு 24 ஆகிவிடுவதால் வில் 83 மில்லிமீட்டர்தான் அமுங்கும். எனவே கார் இறங்குவது 50 அன்று, 33 மட்டுமே. "ஒரு சுத்து அறுத்தால் பத்தலை, இன்னொண்ணு அறு" என்று பட்டறைகளில் கேட்கும் குரலுக்குக் காரணம் இதுதான்.

விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆபத்து விறைப்பில் அவ்வளவாக இல்லை, இடத்தில் இருக்கிறது. சக்கரம் மேலே எழும்பி ரப்பர் முட்டில் போய் இடிக்கும் வரை 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்று கொள்வோம். இப்போது இருப்பது 47. வில் வாங்கிக்கொள்ளும் ஆற்றலோ இடத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. போட்டுப் பாருங்கள்: அறுக்கும் முன் 64 ஜூல், அறுத்த பின் சுமார் 26 ஜூல். பாதிக்கும் கீழே! மிச்ச ஆற்றல் எங்கே போகும்? வண்டியின் உடலுக்கும், உள்ளே இருப்பவர் முதுகெலும்புக்கும் போகும். பின் இருக்கையில் அமரப்போவது எங்கள் அம்மா. அதுவன்றி, பழைய வில்லுக்கு அளவெடுத்த ஷாக் அப்சார்பர் விறைத்த வில்லின் ஆட்டத்தை முன்போல அடக்காது. பழைய வண்டியில் அது ஏற்கெனவே எண்ணெய் கசிந்து களைத்துப் போயிருக்கும்.

நம் சாலைகளை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதில் பயனில்லை. வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு வகுத்திருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மாருதி 800-இன் முன் பின் அச்சுகளுக்கிடையே 2.175 மீட்டர். இந்த அளவில் கட்டிய தடையில் ஏறினால் வண்டியின் வயிற்றுக்கு அடியில் குறையும் இடம் மூன்றரை சென்டிமீட்டர்தான். நல்ல வேகத்தடையில் தாழ்ந்த கார்கூடத் தப்பும். ஆனால் தெருவுக்குத் தெரு ஊரார் தாமே கொட்டிவைத்த சிமென்ட் மேடுகள் இருக்கின்றனவே! குறுகலாக, ஒரு சாண் அளவு உயர்ந்து நிற்பவை. அங்கே மேட்டின் முழு உயரமும் வயிற்றில் இடிக்கும். அண்ணன் ஸ்கேல் வைத்து அளந்தபோது காலி வண்டியின் முன்பக்க இடைவெளி 17 சென்டிமீட்டர். அறுத்து, நான்கு பேரும் ஏறினால் அது 11 ஆகிவிடும். எண்ணெய்த் தொட்டி உடைந்தால் அறுத்து மிச்சப்படுத்திய காசு எம்மாத்திரம்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்ன ஒன்று என் நோட்டில் இல்லாதது. "நீ சக்கரம் மேல போறதையே பார்க்கிற. கீழ தொங்குறப்போ இன்னா ஆகும்?" காரை ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரம் தொங்கும். அப்போதும் வில் இரு முனைகளிலும் இறுகி உட்கார்ந்திருக்க வேண்டும். குட்டையாக்கிய வில் அங்கே தளர்ந்துவிடும். கையால் அசைத்தாலே ஆடும். ஒரு மேட்டில் வண்டி எகிறும்போது அது தன் இருக்கையை விட்டு விலகி, கோணலாக வந்து உட்காரும். ஓடும் வண்டியில் இது நேர்ந்தால் ஸ்டீயரிங் யார் பேச்சைக் கேட்கும்? தாழ்த்திய கார் எதையாவது வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்தத் தொங்கு சோதனையைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. (அப்பாடமும் தேர்வுத்தாளில் வராது!)

அறுக்காமல், கேஸ் வெல்டிங் தீயில் வில்லைச் சிவக்கக் காட்டி உட்கார வைப்பவர்களும் உண்டு. இது அதைவிடப் பொல்லாதது. எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எஃகின் குணம் சூட்டிலும் குளிர்ச்சியிலும் பெற்றது. மறுபடி சிவக்கவிட்டால் அந்தப் பதம் போயே போய்விடும். பிறகு அது நாளுக்கு நாள் தொய்யும், அல்லது ஒருநாள் முறியும். நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் தொய்யும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வகுத்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் எழுப்பப்போகும் கேள்விகள் வேறு.

அப்படியானால் குறைந்த செலவில் தாழ்வான கார் என்பது ஏழைக்கு எட்டாத கனவா? இல்லை, அதற்கு வேறு இடம் இருக்கிறது. கோவை எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினையும் உதிரிப் பாகங்களையும் கொண்டே பந்தயக் கார்களைக் கட்டினார். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க முடியாத இளைஞர்கள் அவற்றில் பழகினார்கள். 2005-இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது அந்த பார்முலா மாருதிதான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த பந்தயத் தளத்தில் வேகத்தடை கிடையாது, சிமென்ட் மேடு கிடையாது. அந்தக் கார்கள் உயரமான வண்டியை அறுத்துத் தாழ்த்தியவை அல்ல. சட்டமே தாழ்வாக வரையப்பட்டு, அதற்கேற்ற வில்லும் ஷாக்கும் பொருத்தப்பட்டவை. கரிவரதன் 1995-இல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கார் தாழ்ந்தால் வளைவில் சாய்வது குறையும் என்பது மெய். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால், 3 சென்டிமீட்டர் இறக்கத்தால் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஆறு. தேய்ந்த டயரை மாற்றினாலே அதைவிட மேலான பிடிப்பு கிடைக்கும்.

அண்ணன் நோட்டை வாங்கி இரண்டு நாள் தம்மிடமே வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாலை காரின் பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கி நழுவினாலும் விழாதபடி மரக்கட்டைகளை அண்டக்கொடுத்து, அடியில் படுத்துப் பார்த்தார். "டேய், வாடா இங்க!" என்று ஒரே கூச்சல். பின்பக்க வில்களின் சுற்றுகளுக்கிடையே தடித்த ரப்பர்த் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. பாரம் ஏற்றும்போது வண்டி படியாமல் இருக்கப் போடுவது. பட்டறையில் ‘பஃபர்’ என்பார்கள். முன்பு வைத்திருந்தவர் மூட்டை ஏற்றியிருப்பார் போலும். கார் பின்னால் தூக்கிக்கொண்டு, வாலுயர்த்திய கோழி போல நின்ற காரணம் அப்போதுதான் விளங்கியது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணனுக்கு அறுக்கும் ஆசையே வந்திருக்கிறது.

இரண்டையும் உருவி எடுத்தோம். பின்புறம் 28 மில்லிமீட்டர் இறங்கியது. தொங்கு சோதனை செய்தோம்; வில் அசையவில்லை. தயாரிப்பாளர் வைத்த உயரம் அது என்பதால் ஆர்.சி. புத்தகத்துக்கும் பழுதில்லை. அறுப்பதற்கு ஒதுக்கிய காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பின்பக்க ஷாக் இரண்டையும் புதிதாக மாற்றி, திருவண்ணாமலையில் வீல் அலைன்மென்ட் பார்த்து வந்தார்.

ஒரு வேலை மட்டும் மிச்சமிருந்தது. பின்புறம் இறங்கியதால் முகப்பு விளக்கின் ஒளி முன்னைவிட மேலே எழும்பி, எதிரே வருவோர் கண்ணில் அடிக்கும். இரவில் எங்கள் தெருக்கோடி மதில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, நான் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுக்க, அண்ணன் ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஒளியைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார். "பிசிக்ஸ், இப்போ சரியா?" என்றார். இன்னும் அரைச் சுற்று என்றேன்.