மெம்பிஸ் நகரத்து மேசன் ஆலயம்

அமெரிக்க தேசத்துக்குச் சென்று திரும்பும் ஊழியர்கள் அங்குள்ள பெரிய சபைகளையும் பெரிய கூட்டங்களையும் குறித்தே உங்களுக்கு எழுதுவது வழக்கம். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரில் இறங்கியபோது நானும் அப்படியொரு கட்டுரையையே மனதில் வைத்திருந்தேன். என்னை வரவேற்க வந்த கறுப்பின மூப்பர் ஒருவரோ, விமான நிலையத்திலிருந்து நேரே நகரின் தென்பகுதிக்குக் காரை ஓட்டிச் சென்று, ஒரு பழைய கட்டடத்தின் முன்பாக நிறுத்தினார். "பாஸ்டர், முதலில் உங்கள் தாய்வீட்டைப் பாருங்கள்" என்றார்.

அதுவே மேசன் ஆலயம். 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' என்னும் கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையின் தலைமை ஆலயம். 1945-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அச்சபையை நிறுவிய சார்லஸ் ஹாரிசன் மேசன் 1907-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசா தெருவுக்குப் போய் ஆவியின் அபிஷேகத்தைப் பெற்றுத் திரும்பியவர். 1918-இல் போருக்கு எதிராகப் போதித்தார் என்ற குற்றச்சாட்டில் மிசிசிப்பி மாநிலத்தில் சிறையிலும் இருந்தவர். அவருடைய கல்லறை அந்த ஆலயத்திற்குள்ளேயே இருக்கிறது.

வாசகரே, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரத் தேர்வில் அசூசா தெரு எழுப்புதலைக் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அந்த எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதும், ஹூஸ்டனில் அவர் வேதம் படித்தபோது நிறத்தின் காரணமாக வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து கேட்க வேண்டியிருந்தது என்பதும் என் குறிப்பேட்டில் இல்லை. ஒரே அபிஷேகத்தைப் பெற்ற வெள்ளையரும் கறுப்பரும் சில ஆண்டுகளுக்குள் தனித்தனிச் சபைகளாய்ப் பிரிந்ததும் இல்லை. 1948-இல் வட அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகளின் ஐக்கியம் அமைக்கப்பட்டபோது அதில் ஒரு கறுப்பினச் சபைகூடச் சேர்க்கப்படவில்லை. 1994-இல் இதே மெம்பிஸ் நகரில் கூடி அந்த ஐக்கியத்தைக் கலைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் போதகர் கறுப்பினப் பேராயர் ஒருவரின் கால்களைக் கழுவினார். நாற்பத்தாறு ஆண்டுகள் பிந்திய கால்கழுவுதல்.

இனி 1968-க்கு வருகிறேன். அந்த மூப்பர் என்னை அங்கே அழைத்துச் சென்றது அந்த ஆண்டுக்காகவே.

மெம்பிஸ் நகரின் குப்பையை அள்ளியவர்கள் ஏறக்குறைய அனைவரும் கறுப்பின ஆண்கள். சுற்றுப்புறக் கிராமங்களின் பருத்திக் காடுகளில் பிழைப்பின்றி நகரத்துக்கு வந்தவர்கள் அவர்களில் அநேகர். நகரத்திற்குப் பிழைக்க வந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லைகளிலிருந்து குப்பைத் தொட்டியைத் தலையிலும் தோளிலும் சுமப்பார்கள். ஓட்டையான தொட்டியிலிருந்து அழுகிய நீர் சட்டைக்குள் வடியும். முழுநேரம் உழைத்தும் கூலி போதாமல் அரசு நிவாரணம் பெற்ற குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகள் எடுத்தவரையும் வெள்ளை மேற்பார்வையாளர் 'பையா' என்றே அழைப்பார்.

பிப்ரவரி 1-ஆம் தேதி பலத்த மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இருவர் மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டியின் பின்புறத்துக்குள் ஏறினார்கள். குப்பையை நசுக்கும் எந்திரம் தானே இயங்கி இருவரையும் நசுக்கிக் கொன்றது. பழுதான வண்டிகளைக் குறித்துத் தொழிலாளர்கள் அதற்கு முன்பே முறையிட்டிருந்தார்கள். நகராட்சி அக்குடும்பங்களுக்குக் கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் மட்டுமே. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். மேயர் ஹென்றி லோப் அந்த வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது என்று சொல்லிவிட்டார்.

23-ஆம் தேதி அவர்கள் ஊர்வலமாய்ப் போனபோது காவலர்கள் தடியால் அடித்ததோடு, கண்ணை எரிக்கும் மருந்தையும் முகத்தில் பீய்ச்சினார்கள். ஊர்வலத்தில் நடந்த போதகர்களும் தப்பவில்லை. அதுவரை அநேக சபைகள் சற்று விலகியே நின்றிருந்தன. போதகர்களின் கண் எரிந்த பிறகே சபைகளின் கண் திறந்தது என்று மூப்பர் சிரிக்காமல் சொன்னார். மறுநாளே கறுப்பினப் போதகர்கள் ஒன்றுகூடினார்கள். அவர்களை நடத்தியவர் ஜேம்ஸ் லாசன் என்னும் மெத்தடிஸ்ட் போதகர்.

இந்த லாசன் நமக்கு அந்நியரல்ல. 1950-களில் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்து, நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஊழியம் செய்தவர். காந்தியாரின் சத்தியாக்கிரக முறையை இங்கே கற்று, தம் தேசத்து வாலிபர்களுக்குக் கற்பித்தார். அடித்தால் திருப்பி அடிக்காதிருக்கவும், திட்டினால் வாய் திறவாதிருக்கவும் ஒத்திகை நடத்திப் பழக்கினார். 2024-இல் தமது 95-ஆம் வயதில் மரித்தார். நாக்பூரில் இப்பத்திரிகையை வாசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நகரத்தின் மையத்தில் கிளேபார்ன் டெம்பிள் என்றொரு கல் ஆலயம் இருந்தது. வெள்ளையர் சபை கட்டி, 1949-இல் கறுப்பின மெத்தடிஸ்டுகளுக்கு விற்றது. நான் பார்த்தபோது உள்ளே சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 28 அதிகாலையில் தீக்கிரையாகிவிட்டது. யாரோ வைத்த தீ என்று பின்னர் அதிகாரிகள் அறிவித்தார்கள். 1968-இல் தொழிலாளர்கள் நாள்தோறும் இங்கே கூடி, நகரமன்றம்வரை நடந்தார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகள் இங்கிருந்துதான் வீதிக்குப் புறப்பட்டன. ஆங்கிலத்தில் நான்கே சொற்களானாலும், 'பையா' என்று கூப்பிட்டவனுக்கு அதுவே பதில்.

மார்ச் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் முன்நடந்த ஊர்வலத்தில் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். காவலர்கள் கண்ணில் பட்டவரையெல்லாம் அடித்தார்கள். ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள்மேலும் கண்ணீர்ப்புகை வீசினார்கள். லாரி பெயின் என்னும் பதினாறு வயதுப் பையனை ஒரு காவலர் சுட்டுக் கொன்றார். அன்றே ஊரடங்கு, தேசியக் காவல்படையினர் சுமார் 4,000 பேர் வந்து இறங்கினார்கள். மறுநாள் நடந்ததை அந்நாட்களின் படங்களில் பாருங்கள். துப்பாக்கி முனைக் கத்திகளை நீட்டிய படைவீரர்களின் வரிசைக்கும் கவச வண்டிகளுக்கும் அருகே, அதே அட்டைகளோடு, அதே மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராய் நடக்கிறார்கள்.

ஏப்ரல் 3 இரவு மேசன் ஆலயத்தில் கூட்டம். புயல் எச்சரிக்கை இருந்தது. களைத்திருந்த கிங் தமக்குப் பதிலாக நண்பர் அபர்நாதியை அனுப்பிவிட்டுத் தங்குமிடத்திலேயே இருந்தார். ஆலயத்துக்கு வந்த அபர்நாதி, மழையிலும் திரளாய்க் கூடியிருந்த ஜனங்களைக் கண்டு, நீர் வரத்தான் வேண்டும் என்று தொலைபேசியில் அழைத்தார். கிங் வந்து குறிப்பேதுமின்றிப் பேசினார். எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட ஆசாரியனும் லேவியனும், நின்றால் தங்களுக்கு என்ன நேருமோ என்று எண்ணினார்கள்; சமாரியனோ, நான் நில்லாமற்போனால் இவனுக்கு என்ன நேரும் என்று எண்ணினான் என அவர் விளக்கினார். மறுநாள் மாலை 6:01-க்கு லோரெய்ன் மோட்டலின் 306-ஆம் அறை வாசலில் சுடப்பட்டு மரித்தார். அந்த மோட்டல் இப்போது அருங்காட்சியகமாயிருக்கிறது. மாடியில் ஒரு மலர்வளையம் தொங்குகிறது. அங்கே எனக்கு ஜெபம் வரவில்லை.

ஏப்ரல் 8 அன்று அவருடைய மனைவி கொரெட்டா பிள்ளைகளோடு முன்நடக்க, பல்லாயிரம் பேர் சத்தமின்றி நடந்தார்கள். 16-ஆம் தேதி, அறுபத்தைந்தாம் நாளில், நகராட்சி சங்கத்தை ஏற்றுக்கொண்டது. கூலி மணிக்குச் சில சென்டுகள் உயர்ந்தது.

மேசன் ஆலயத்தின் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது, சமாரியனைக் குறித்த அந்த வார்த்தை என்னை விடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஊழியம் செய்யும் வடநாட்டு நகரத்தில், எங்கள் சபையின் சகோதரர் ஒருவர் ஒரு குடியிருப்பில் துப்புரவு வேலை செய்து வந்தார். அங்கே ஒரு நகை காணாமற்போயிற்று. 'மதராசி' என்பதைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் இரவெல்லாம் காவலில் வைத்து அடித்து அனுப்பினார்கள். நகை பிறகு வீட்டிலேயே கிடைத்தது. அவர் என்னிடம் வந்து, "ஐயா, புகார் கொடுக்கப் போகிறேன், கூட வாங்க" என்றார். நான் ரோமர் 13-ஆம் அதிகாரத்தை வாசித்து, தலையில் கைவைத்து ஜெபித்து, வீட்டுக்கு அனுப்பினேன். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுல், இரகசியமாய் வெளியே போக மறுத்து, அதிகாரிகளே நேரில் வரவேண்டும் என்று கேட்டதை அப்போஸ்தலர் 16-இல் எத்தனையோ முறை வாசித்திருந்தும், அன்று அது நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு என்ன நேருமோ என்றுதான் எண்ணினேன்.

வெளியே வந்ததும் மூப்பர், "இது பழைய கதை என்று எழுதிவிடாதீர்கள்" என்றார். மெம்பிஸ் காவல்துறை குடிமக்களை வேவுபார்த்துச் சேர்த்த கோப்புகளை 1976-இல் எரித்தது. 1978-இல் நீதிமன்ற உத்தரவு அத்தகைய வேவுபார்த்தலைத் தடுத்தது. அந்த உத்தரவையும் நகரம் மீறியதாக 2018-இல் நீதிமன்றம் கண்டது. 2023 ஜனவரியில் டைரி நிக்கோல்ஸ் என்னும் 29 வயதுக் கறுப்பின வாலிபரைக் காவலர்கள் வாகனச் சோதனையில் நிறுத்தி அடித்தார்கள். மூன்று நாள் கழித்து மரித்தார். அவரை அடித்த ஐவரும் கறுப்பினத்தவரே. அநீதி நிறத்தோடு நின்றுவிடாமல் சீருடைக்குள்ளும் புகுந்துகொள்கிறது என்றார் மூப்பர். அடக்கத்திற்கு முந்தின நாள் அந்தக் குடும்பத்தார் வந்து நின்று பேசியதும் இதே மேசன் ஆலயத்தில்தான். அந்தக் காவலர்கள் இருந்த சிறப்புப் பிரிவு அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. மக்கள் தெருவில் இறங்கியதால் அது நடந்தது.

நாடு திரும்பியதும் அந்தச் சகோதரரைத் தேடிப் போனேன். இப்போது வேறொரு சபைக்குப் போகிறார். தலை நரைத்துவிட்டது. தேநீர் கொடுத்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்றைக்கு நான் தனியாகத்தான் ஐயா போனேன்" என்றார். "வாசலிலேயே விரட்டிவிட்டார்கள்."