விலாசம்

பதுளையில், பொதி விநியோக நிறுவனமொன்றின் பகுதிநேர மேற்பார்வையாளனாகப் பணியாற்றும் பல்கலைக்கழக மாணவன் அவன். பசறை, ஹாலி-எல, தெமோதரை எனப் பொதிகளைப் பிரித்து அனுப்புவதும், சேராதவற்றைத் திருப்பியனுப்பக் கையொப்பமிடுவதும் அவனது கடமைகள். நகரத்துப் பொதிகளில் வீட்டிலக்கமும் வீதியும் இருக்கும். தோட்டத்துப் பொதிகளிலோ பெரும்பாலும் பெயர், தோட்டம், பிரிவு, தொலைபேசி எண் மட்டுமே. மலைச்சரிவில் அழைப்புக் கிட்டாவிடின் பொதி திரும்பிவிடும்.

1924 இல் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது. அவ்வழியே கொழும்பு சென்ற தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தேயிலையைக் கொய்தவர்களின் லயத்து வாசல்கள் பலவற்றுக்கு இன்றும் இலக்கமில்லை. 1948 இல் பறிபோன குடியுரிமை, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோருக்கும் மீண்டது, விலாசம் வரவில்லை.

அவனது பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் தோட்டக் காரியாலயத்தில் பல நாள் கிடந்தே கைக்கு வந்தது. பதிவுக்கு எஞ்சியிருந்தது ஒரே நாள்.

ஆகவே, திருப்பியனுப்பும் சிட்டையில் அவன் உடனே கையொப்பமிடுவதில்லை. பிள்ளைக் காம்பராவிலும் கோயிலடியிலும் விசாரித்துவரச் சொல்கிறான். விடை கிடைத்ததும், பொதியின்மீது தன் கையாலேயே எழுதுகிறான்: "மேற்பிரிவு, கோயிலடி லயம், கடைசிக் காம்பரா."