ஈயக்குண்டும் முன் சக்கரமும்

எங்கள் மீனவக் கிராமமான பிள்ளைச்சாவடியில் ஈயத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு, எந்த வீட்டுத் திண்ணையைத் துழாவினாலும் நாலு கிடைக்கும். கிழிந்த வலையைப் பிரித்தால் ஒரு டப்பா தேறும். மற்ற வீடுகளில் அது மறுபடி வலைக்கே போகும். எங்கள் வீட்டில் கொஞ்சம் மாமாவின் புல்லட்டுக்குப் போனது.

மாமா கடலுக்குப் போகாதவர். புதுச்சேரியில் 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. பஞ்சாலையில் ஃபிட்டர். பகல் ஷிஃப்டோ ராத்திரி ஷிஃப்டோ, போக வர வண்டிதான். ரோடு குண்டும் குழியுமாக இருந்தவரை சக்கரத்தின் குறை யாருக்கும் தெரியவில்லை. 1990-களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழவழவென்று ஆனபோதுதான் வினை வந்தது. அறுபதைத் தாண்டினால் ஹேண்டில்பார் நடுங்கியது. நாளெல்லாம் சுழலும் உருளைகளோடு மல்லுக்கட்டும் ஆளுக்கு அது பொறுக்குமா?

டயர் மாற்றும் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுமுன் தென்னை நிழலில் சாக்கை விரித்துவிட வேண்டும். பேரிங்கில் ஒரு மணல் விழுந்தாலும் மாமாவுக்குக் கோபம் தலைக்கேறும். கடற்காற்றில் ரிம் துருவேறி, டயரின் ஓரத்தை விடாமல் கவ்வியிருக்கும். குதிகாலால் மிதித்தாலும் அசையாது. பக்கத்து வீட்டு ராஜ்தூத்தைத் தள்ளிக்கொண்டு வருவார். அதன் சைடு ஸ்டாண்டு டயர் ஓரத்தில் பதியும்படி வைத்து, மொத்த வண்டியையும் அந்தப் பக்கம் சாய்ப்பார். பொட்டென்று டயர் விட்டுக்கொடுக்கும்.

பிறகு மூன்று லீவர், நான்கு கை. எதிர்ப்பக்க டயரை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திப் பிடிப்பது என் வேலை. சூட்சுமமே அந்தப் பள்ளம்தான். டயர் ஓரத்துக்குள் இருக்கும் கம்பி வளையம் நீளாது. அது அங்கே பள்ளத்தில் இறங்கினால்தான் இங்கே ரிம்மைத் தாண்டி வர இடம் கிடைக்கும். இறங்காவிட்டால் பயில்வான் வந்தாலும் நடக்காது. டயர் கழன்றதும் ரிம்மின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். பழைய ட்யூபை நாடாவாக வெட்டி அதன்மேல் சுற்றுவோம். எங்கள் ஊரில் சீமைக் கருவேல முள்ளால் ஆன பஞ்சருக்குச் சமமாகத் துருவால் ஆன பஞ்சரும் உண்டு.

வீட்டு முற்றத்தில் டயரைக் கழற்றி மாட்டலாம் என்பதே ஒரு காலத்தில் புதுமை. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் செய்த காற்று டயர் ரிம்மோடு ஒட்டியே இருந்தது. பஞ்சரானால் பிரித்து, ஒட்டி, காயவைத்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும். கழற்றி மாட்டும் சைக்கிள் டயரை 1891-இல் கொண்டுவந்தவர்கள் பிரான்சின் மிஷ்லேன் சகோதரர்கள். அதே ஆண்டு, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயரோடு ஓட்டிய ஷார்ல் தெரோன் ஜெயித்தார். எங்கள் ஊரையும் அப்போது பிரெஞ்சுக்காரர்கள்தான் ஆண்டார்கள். ஆனால் மாமா போட்டது எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனியின் டயர். புல்லட்டும் திருவொற்றியூர்ச் சரக்கு. “சம்பந்தி வீடு பக்கத்துலயே அமைஞ்சிடுச்சு” என்பார்.

புது டயரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு இளக்குவார். 501 சோப்பைக் கரைத்து ஓரமெல்லாம் தடவுவார். எண்ணெயைக் கிட்டவே சேர்க்க மாட்டார், ரப்பர் ஊதிவிடும். ட்யூபில் வட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று. காலி ட்யூப் லீவரில் மாட்டிக் கடிபடும். டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். வண்ணப் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேரே வர வேண்டும். புள்ளி இருக்குமிடம் டயரில் எடை குறைந்த இடம், வால்வு இருக்குமிடம் எடை கூடிய இடம். ஒன்றுக்கு ஒன்று ஈடு. வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் வந்து முடிப்பார்.

பின் சக்கரத்துக்கு இதோடு சரி. ஹேண்டிலை ஆட்டுவது முன் சக்கரம் என்பதால் அதற்கு மட்டும் தனி மரியாதை. முதலில் நிப்பிள்களைத் திருகிக் கோட்டம் எடுப்பார். பிறகு இரண்டு முக்காலிகளின்மேல் ஆக்சிலின் இரு முனையையும் தாங்கக் கொடுத்து, நடுவில் சக்கரத்தைத் தொங்க விடுவார். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிய கையோடு, புது கிரீஸ் வைக்குமுன் இதைச் செய்துவிட வேண்டும். கிரீஸ் இழுத்துப் பிடித்தால் சக்கரம் பொய் சொல்லும்.

விரல் நுனியால் லேசாக ஒரு சுற்று. வேகம் அடங்கும், நிற்பதுபோல் நிற்கும், பின்னால் ஒரு சாண் திரும்பி வரும், முன்னால் அரைச் சாண் போகும். என் கை துறுதுறுக்கும். “கைய வைக்காத மாப்ள, அதுவா நிக்கட்டும்.” கடைசியில் கீழே வந்து அமர்ந்த இடம் கனத்த இடம். அதற்கு நேர் மேலே இருக்கும் ஸ்போக்ஸில் சாக்பீஸால் ஒரு கோடு. ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, அந்தக் கம்பியில், நிப்பிளை ஒட்டிச் சுருட்டுவார். மறுபடி சுற்று. எடை மிகுந்துவிட்டால் இப்போது ஈயம் கீழே வரும். கத்தரியால் ஓரம் நறுக்குவார். மறுபடி சுற்று. எந்த இடத்தில் கையை எடுத்தாலும் சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும்வரை இது நடக்கும். ஈயம் தொட்ட கையோடு சோற்றில் உட்கார்ந்துவிடக் கூடாதென்று அத்தை சோப்போடு காத்திருப்பாள்.

அந்த முற்றத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கே தடைபட்டது. நகரத்துக் கரையைக் கல் கொட்டிக் காத்தார்கள். அரிப்பு வடக்கே எங்களைத் தேடி வந்தது. வீடுகள் போயின, படகு ஏற்ற மணல் இல்லாமல் போயிற்று. மாமா இதைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பார்: “ஒரு பக்கம் எடைய வச்சா எதிர்ப்பக்கம் என்ன ஆவும்னு பாக்க வாணாமா?”

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். என் வண்டிக்கு அலாய் ரிம், ட்யூப் இல்லாத டயர். கடைக்காரப் பையன் மெஷினில் ஏற்றுகிறான், அது டயரை உரிக்கிறது. இன்னொரு மெஷின் சுழற்றிப் பார்த்து எத்தனை கிராம் எங்கே ஒட்ட வேண்டுமென்று திரையில் காட்டுகிறது. மாமாவின் முக்காலியைவிட நுணுக்கமான கணக்கு, மறுப்பதற்கில்லை. முள் ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்குகிறது. எனக்கு ஒதுக்கியிருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பழைய செய்தித்தாளும். நான் கழற்றலாமென்றாலும், மாட்டிய டயரை ரிம்மில் உட்கார வைக்கக் கம்ப்ரஸர் காற்று ஒரே மூச்சில் வேண்டும். கால் பம்பு பத்தாது. சக்கரம் முன்னும் பின்னும் ஆடித் தானாக ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்காக மனம் அடித்துக்கொள்கிறது. சும்மா இருப்பதும் வேலையில் சேர்த்தி என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

மில் 2020-இல் மூடப்பட்டது. மாமா அதற்கு முன்பே ஓய்வு பெற்று, காலாப்பட்டில் கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறார். ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். போன முறை பார்த்தபோது பழைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “லீவர் நழுவி அடிச்சதுல இந்த விரல் இன்னும் முழுசா மடங்கல. முட்டி ரெண்டும் போச்சு. போன வாரம் டயர் மாத்தினேன், மெஷின்ல பத்து நிமிஷம், ஒக்காந்து டீ குடிச்சேன். உனக்கென்ன மாப்ள, நீ புடிச்சிக்கிட்டுதானே இருந்த?”

அவர் சொன்னதில் தப்பில்லை. லீவர் போட்டவருக்கு அது என்றோ முடிந்துபோன பாடு. ஏங்குவதற்கு, பக்கத்தில் குந்திப் பிடித்துக் கொடுத்தவனைத்தான் விட்டுவைத்திருக்கிறது.